ஒன்றுமில்லை என்னும் இரு பொய்கள்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடலின் கரையில் அமைந்துள்ளது விழிஞ்ஞம். முற்காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர் இது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கு புதிய பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பழைய துறைமுகம் மறைந்து புதிய துறைமுகம் எழுந்த இந்த நீண்ட இடைவெளியில் ஊரைத் தாங்கி நின்றவர்கள் மீனவர்கள். அவர்களுடைய வாழ்வு வானத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் அறிவதில் அடங்கியிருக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையோரத்தைத் தாக்கியது. புயல் உருவாகி வலுப்பெற்ற வேகம் மிக அதிகம். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேராததால், விழிஞ்ஞம், பூந்துறை முதலிய ஊர்களிலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்தும் கடலுக்குள் சென்றிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் அன்று எழுப்பிய கேள்வி மிக எளியது: "முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வியின் நியாயத்தை மறுப்பவர் எவரும் இல்லை. புயல் வருகிறது என்று சொன்னால் மீனவர் அஞ்சுவார், மனம் தளர்வார், ஆகவே அவரிடம் சொல்லாமல் இருப்பதே கருணை என்று யாரும் வாதிட மாட்டார்கள். கடலில் இருப்பது அவருடைய உயிர். கரைக்குத் திரும்புவதா, வலையை அறுத்துவிட்டு விரைவதா, அருகிலுள்ள படகை அழைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரே. செய்தி அச்சம் தருவதுதான். ஆயினும் அது அவருக்கு உரியது.

அதே மீனவருக்கு, அல்லது எந்த ஊரிலும் உள்ள எந்த மனிதருக்கும், உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு நோய் வந்துவிட்டால் நியாயம் தலைகீழாக மாறிவிடுகிறது. மருத்துவரின் அறைக்குள் முதலில் மகன் செல்கிறான், பிறகு மருமகன், பிறகு சகோதரர். நோயாளி வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். கேட்டால் தாங்கமாட்டார்" என்னும் வேண்டுகோள் நம் நாட்டு மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள். அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அன்பு மிகுதியால்தான் சொல்கிறார்கள். ஆனால் அன்பிலிருந்து பிறந்த செயல் என்பதாலேயே அது அறமாகிவிடுமா? ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

காலம் தராத நோய்

இக்கேள்வி மிகக் கடுமையாக எழும் நோய்களுள் ஒன்று கணையப் புற்றுநோய். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் மறைந்திருக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரையும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. ஆழத்தில் இருப்பதால் இதில் வளரும் கட்டி கைக்குத் தட்டுப்படாது. தொடக்கத்தில் வலியும் தராது. காரணமின்றி உடல் மெலிதல், பசியின்மை, முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலி, முதிய வயதில் திடீரெனத் தோன்றும் நீரிழிவு, பித்தக்குழாய் அடைபட்டு வரும் மஞ்சட்காமாலை ஆகியவை தென்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஐந்து நோயாளிகளில் நால்வருக்கு, நோய் கண்டறியப்படும் நேரத்திலேயே கட்டியை முழுவதும் அறுத்து அகற்றும் வாய்ப்பு கடந்துவிட்டிருக்கும். சிகிச்சை வசதிகள் மிகுந்த அமெரிக்காவிலும்கூட, கண்டறியப்பட்ட 5 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்பவர்கள் 100-க்கு 13 பேர் அளவினரே.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கேரள மக்கள் மட்டுமல்லாமல் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதித் தமிழர்களும் வருகிறார்கள். அங்கும், சென்னையிலும், வேலூரிலும், மும்பையிலும், இத்தகைய நோயாளியின் எதிரில் அமரும் மருத்துவருக்குக் கத்தியும் மருந்தும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியமானது சொல். ஏனெனில் இந்நோய் காலத்தை மிகக் குறைவாகவே விட்டுவைக்கிறது. அந்தக் காலத்தை யார், எப்படிச் செலவிடுவது என்பதை அந்தச் சொல்லே தீர்மானிக்கிறது.

முதல் பொய்

"ஒன்றுமில்லை, வயிற்றில் சிறு புண், சரியாகிவிடும்" என்பது முதல் பொய். இதற்கு ஆதரவாகத் தமிழர் பலரும் வள்ளுவரையே துணைக்கு அழைப்பார்கள். பொய்யும் சில வேளைகளில் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் சொல்லியிருக்கிறார் அல்லவா என்பார்கள். சொல்லியிருக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தப் பொய்யினால் விளையும் நன்மை எவ்விதக் குற்றமும் கலவாத நன்மையாக இருக்க வேண்டும் என்கிறார். வாய்மை அதிகாரத்தில் அதற்கு முந்தைய குறளோ, பிறருக்குச் சிறிதும் தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்று இலக்கணம் வகுக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'பொய் சொல்லலாமா?' என்பதன்று, 'இந்தப் பொய்யினால் விளைவது குற்றமற்ற நன்மைதானா? அது யாருக்கு விளைகிறது?' என்பதே.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. நோயாளியின் ஆயுள் முடியப்போவதை மருத்துவன் அறிந்திருந்தாலும், அதைச் சொல்வது நோயாளிக்கோ பிறருக்கோ அதிர்ச்சி தருமானால் அங்கே சொல்லலாகாது என்று அது விதிக்கிறது. வதந்தி பரப்பும் வாயும், கல் போன்ற சொல்லும் மருத்துவனுக்கு ஆகா என்னும் நல்ல எச்சரிக்கை அதில் உள்ளது. ஆனால் அதே நூல் நல்ல நோயாளிக்கு உரிய குணங்களைக் கூறும்போது, அஞ்சாமையையும், தன் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலையும் சேர்த்தே சொல்கிறது. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கும்போது, மருத்துவரையும் மருந்தையும் அருகிருந்து பேணுபவரையும் பின்னே வைத்து, நோயாளியை முதலில் வைக்கிறார். நம் மரபில் நோயாளி வெறும் உடல் அல்லர். சிகிச்சையின் ஓர் அங்கம். தனக்கு என்ன நோய் என்றே அறியாத ஒருவர் அந்த அங்கமாக எப்படிச் செயல்பட முடியும்?

முதல் பொய்யின் விளைவுகளை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். நோயாளி தம் உடலில் நிகழும் மாற்றத்தைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. இடுப்பில் வேட்டி தளர்வது அவருக்குத் தெரிகிறது. கண்ணாடியில் மஞ்சள் நிறம் தெரிகிறது. மருத்துவமனையின் பெயர்ப்பலகை தெரிகிறது. அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்பதும், மகளின் கண் சிவந்திருப்பதும் தெரிகின்றன. அவர் அறிந்துகொள்கிறார், ஆனால் தாம் அறிந்ததைச் சொன்னால் பிள்ளைகள் வருந்துவார்களே என்று மறைக்கிறார். பிள்ளைகள் அவரிடம் மறைக்கிறார்கள். அவர் பிள்ளைகளிடம் மறைக்கிறார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி, இருவரும் தனிமைப்படுகிறார்கள். அவரோடு யாரும் பேசாத ஒரே செய்தி, அவர் இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கும் செய்தியாகவே இருக்கிறது.

அத்துடன், நோயாளி செய்ய விரும்பியவை செய்யப்படாமல் போகின்றன. உடன்பிறந்தவருடன் 20 ஆண்டுப் பகை இருக்கலாம்; ஒரு சொல்லில் தீர்ந்திருக்கும். கடன், நிலம், வங்கிக் கணக்கு, மகளின் திருமணம், செல்ல விரும்பிய புனிதத் தலம், பிறந்த ஊரின் கிணற்றடி என ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். 'குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடப்படும் அந்தப் பட்டியல் அப்படியே நின்றுவிடுகிறது. கணையப் புற்றுநோய் ஒத்திப்போட இடம் கொடுப்பதில்லை. மறைப்பதனால் சில நாள் அழுகை தள்ளிப்போகிறது. ஈடாக ஒரு மனிதரின் கடைசி மாதங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இதைக் குற்றமற்ற நன்மை என்று வள்ளுவரின் பெயரால் சொல்ல இயலாது. அந்த நன்மையின் பெரும்பங்கு, கடினமான ஒரு பேச்சைத் தவிர்த்துவிட்ட உறவினருக்கே சேர்கிறது.

ஒரு மருத்துவர் கற்ற பாடம்

இந்தியாவில் நோய்த்தணிப்புச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறையில் பணியாற்றியபோது நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பொதுமேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். புற்றுநோயின் கடும் வலியோடு ஒரு கல்லூரிப் பேராசிரியர் அவரிடம் அனுப்பப்பட்டார். நரம்பில் மருந்து செலுத்தி மருத்துவர் அந்த வலியை முற்றிலும் நீக்கினார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று நோயாளி கேட்டார். வலி போய்விட்டது என்ற நிறைவோடு, இனி வர வேண்டியதில்லை என்று மருத்துவர் பதில் சொன்னார். அன்றிரவே அந்தப் பேராசிரியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பின்னர் உறவினர் வாயிலாகவே மருத்துவருக்குக் காரணம் தெரிந்தது. நோய் குணமாகாத கட்டத்தை அடைந்துவிட்டது என்பதை அதுவரை யாரும் அந்தப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கவில்லை. இனிச் சிகிச்சை இல்லை என்பதை அன்று அந்த ஒரு சொல்லிலிருந்து, முன்னறிவிப்பின்றி, துணையின்றி அவர் தாமாகவே உணர்ந்துகொண்டார்.

இந்நிகழ்ச்சியில் எந்த மருத்துவரிடமும் தீய எண்ணம் இல்லை. ஒருவர் கருணையினால் மறைத்தார். மற்றொருவர் திறமையினால் வலியை நீக்கினார். ஆனால் நரம்பின் வலியைக் கண்டவர்கள் மனிதரின் வலியைக் காணவில்லை. மறைக்கப்பட்ட உண்மை மறைந்தே இருந்துவிடுவதில்லை. கேட்பவருக்கு அருகில் யாருமில்லாத நேரத்தில் வெளியே வருகிறது. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று விவாதிக்கும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நோயாளி அறியப்போகிறார் என்பது பெரும்பாலும் உறுதி. அன்புள்ளவர்கள் அருகிருக்க அறிகிறாரா, தனியே அறிகிறாரா என்பதே அவர்கள் கையில் இருப்பது.

அந்த அனுபவம் மருத்துவரின் வாழ்க்கைப் பாதையைத் திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1993-இல் கோழிக்கோட்டில் அவரும் சக மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோரும் சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அறக்கட்டளை பிறந்தது. அதன் பயிற்சி நிறுவனத்தை உலக சுகாதார நிறுவனம் 2012-இல் தன் ஒத்துழைப்பு மையமாக ஏற்றது. 2008-இல் கேரள அரசு, நாட்டிலேயே முதன்முறையாக, நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை வகுத்தது. இன்று அம்மாநிலத்தில் செவிலியர்களும் தன்னார்வத் தொண்டர்களும் ஊராட்சிகள்தோறும் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கே சென்று பார்க்கிறார்கள்.

இரண்டாம் பொய்

முதல் பொய் குலைந்துவிடும்போது அதன் இடத்தில் இரண்டாம் பொய் வந்து அமர்கிறது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்பது அது. கேட்பதற்கு இது கசப்பான உண்மை போலத் தோன்றும். துணிவுள்ள மருத்துவரின் நேர்மை போலவும் தோன்றும். உண்மையில் இதுவும் பொய்யே. குணப்படுத்த இயலாது என்பது உண்மையாக இருக்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது எந்த நோயாளியைப் பொறுத்தவரையிலும் உண்மையன்று.

கணையப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். கட்டியை அகற்ற இயலாதபோதும், அடைபட்ட பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்தினால் மஞ்சட்காமாலை வடியும். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு நிற்கும். செரிமான நொதிகளை மாத்திரையாகக் கொடுத்தால் உண்ட உணவு உடலில் ஒட்டும். முதுகைத் துளைக்கும் வலிக்கு மார்பின் உண்டு. அது போதாதபோது வயிற்றின் பின்புற நரம்புப் பின்னலில் மருந்து செலுத்தும் முறையும் உண்டு. கீமோதெரபி பலருக்கு வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டித் தருகிறது. வாய்ப்புண், மலச்சிக்கல், குமட்டல், உறக்கமின்மை என ஒவ்வொன்றுக்கும் மருந்தும் பராமரிப்பும் உண்டு. இவற்றுக்கு மேல், பயத்தைக் கேட்பதற்கு ஒரு செவியும், இரவில் வலி வந்தால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். இவை அனைத்தும் செய்யத்தக்கவை.

இத்தகைய பராமரிப்பு இறப்பை விரைவுபடுத்தும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. 2010-இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடையே நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. நோய் கண்டறிந்த காலம் முதலே வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் பெற்றவர்கள், குறைந்த மனச்சோர்வோடு வாழ்ந்தார்கள். மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

"ஒன்றுமில்லை" என்னும் அதே சொல் இரு பொய்களிலும் வருகிறது. முதலாவது நோயை இல்லை என்கிறது. இரண்டாவது நோயாளியையே இல்லை என்கிறது. முதலாவதைச் சொல்பவர் உண்மைக்கு அஞ்சுகிறார். இரண்டாவதைச் சொல்பவர் உண்மையைச் சொன்ன பின் அங்கே தங்குவதற்கு அஞ்சுகிறார்.

வாய்மை எப்போது தீங்காகும்?

இதனால், எதையும் எப்போதும் அப்படியே சொல்லிவிடுவதே அறம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குக் கௌசிகன் என்னும் தவசியின் கதையைச் சொல்கிறான். உண்மையே பேசுவது என்று நோன்பு பூண்டவன் கௌசிகன். கள்வருக்கு அஞ்சி ஓடிய மக்கள் அவனுடைய இருப்பிடத்தின் அருகே காட்டில் ஒளிந்தனர். துரத்தி வந்த கள்வர் கேட்டபோது, தன் நோன்புக்காக அவன் வழியைக் காட்டிவிட்டான். மக்கள் கொல்லப்பட்டனர், கௌசிகன் நரகம் புகுந்தான். தன் நேர்மையைக் காத்துக்கொள்வதையே பெரிதாக எண்ணி, எதிரில் நிற்கும் உயிரைப் பாராதவனுடைய உண்மை அறமாகாது என்பதே கதையின் பொருள்.

ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே, நோயாளியின் முகத்தைப் பாராமல், "மூன்று மாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பது கௌசிகனின் வாய்மை. மேலும் அந்த எண்ணும் முழு உண்மையன்று. ஸ்டீபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-இல் ஓர் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் பாதிப்பேர் 8 மாதங்களுக்குள் இறந்துவிடுவதாக மருத்துவ நூல்கள் கூறின. மறுபாதியினருள் சிலர் பல ஆண்டுகள் வாழக்கூடும் என்பதும் அதே புள்ளிவிவரத்தில் அடங்கியிருக்கிறது என்று அவர் விளக்கி எழுதினார். மேலும் 20 ஆண்டுகள் வாழ்ந்து 2002-இல் வேறொரு நோயினால் மறைந்தார். எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை. ஆயினும், கூட்டத்தின் கணக்கைத் தனி மனிதரின் தீர்ப்பாகச் சொல்வது அறிவியலாகாது என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

மேலை நாடுகளும் இதைத் தடுமாறித்தான் கற்றன. 1961-இல் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 10-க்கு 9 பேர், புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-இல் அமெரிக்காவில் மற்றொரு மருத்துவமனையில் அதே கேள்வி கேட்கப்பட்டபோது 100-க்கு 97 பேர் சொல்வோம் என்றார்கள். ஆகவே, மறைப்பது கீழை நாட்டுப் பண்பாடு, சொல்வது மேலை நாட்டுப் பழக்கம் என்று பிரிப்பது பொருந்தாது. நம் நாட்டிலும் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளியின் ஒப்புதலுக்குப் பதிலாகத் தாயின் ஒப்புதலைப் பெற்றுச் செய்த அறுவை செல்லாது என்று தீர்ப்பளித்தது. உடல் யாருடையதோ, முடிவு அவருடையது.

எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது

கசப்பான செய்தியைச் சொல்லும் முறையை ஆறு படிகளாக வகுத்து 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்கு இது கற்பிக்கப்படுகிறது. அமைதியான இடத்தில், நோயாளி விரும்பும் உறவினர் உடனிருக்க, உட்கார்ந்து பேசுவது முதற்படி. தம் நோயைப் பற்றி அவர் ஏற்கெனவே என்ன புரிந்துவைத்திருக்கிறார் என்று கேட்பது இரண்டாவது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேட்பது மூன்றாவது. எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்வது நான்காவது. அவர் அழும்போதோ மௌனமாகும்போதோ அவசரப்படாமல் காத்திருப்பது ஐந்தாவது. இனி என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சேர்ந்து திட்டமிடுவது ஆறாவது.

இவற்றுள் மூன்றாம் படி நமக்குப் புதிதன்று. கடோபநிஷதத்தில் சிறுவன் நசிகேதன் யமனிடமே மரணத்தைப் பற்றிக் கேட்கிறான். யமன் உடனே விடை தரவில்லை. நீண்ட ஆயுள், பிள்ளைகள், யானைகள், பொன், பரந்த நிலம் எல்லாவற்றையும் தருகிறேன், இதை மட்டும் கேளாதே என்கிறான். நோயாளி கேட்கத் தொடங்கும்போது பழச்சாற்றையும் தொலைக்காட்சியையும் நீட்டிப் பேச்சை மாற்றும் உறவினரின் செயலும் இதுவே. நசிகேதன் அசையவில்லை. அவனுடைய உறுதியைக் கண்ட பிறகு யமன் மகிழ்ந்து உபதேசிக்கிறான். கேட்பவனின் தகுதியை, அதாவது அவன் உண்மையாகவே அறிய விரும்புகிறானா என்பதை அறிந்து சொல்வதே நம் மரபு. கேட்பவனுக்குச் சொல்ல வேண்டும். கேட்காதவன் மீது திணிக்கலாகாது. "என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்" என்று ஒரு முதியவர் தாமே சொன்னால், அதுவும் மதிக்கத்தக்க முடிவு. அம்முடிவை அவர் எடுக்க வேண்டும். அவருக்காகப் பிறர் எடுக்கக் கூடாது.

"அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று கேட்கும் மகனை மருத்துவர் கடிந்துகொள்ளத் தேவையில்லை. "நானாகச் சென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் உடன் இருங்கள்" என்று அவர் சொல்லலாம். அச்சத்தில் இருக்கும் மகனுக்கும் ஒரு கை தேவைப்படுகிறது.

நோயாளியும் உடனிருப்பவரும் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. நோயின் பெயர் என்ன, எங்கெல்லாம் பரவியிருக்கிறது? இச்சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா, துன்பத்தைக் குறைப்பதா? இதனால் உண்டாகும் தொல்லைகளும் செலவும் எவ்வளவு? சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தால் என்ன நிகழும்? வலி வந்தால் யாரை அழைப்பது? இவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வது நல்லது. மருத்துவரின் எதிரில் அமரும்போது பாதி மறந்துபோவது இயல்பு. ஒரே நாளில் எல்லாம் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. சென்னை மருத்துவமனையோ மும்பை மருத்துவமனையோ சென்று இரண்டாம் கருத்துப் பெறுவது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. ஆனால் நிலத்தை விற்று ஊர் ஊராக அலைவதற்கு முன், அந்த அலைச்சல் எதைத் தரும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது குடும்பத்தையும் காக்கும்.

உண்மை அறிந்தவர் அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு ராண்டி பாஷ் என்னும் அமெரிக்கக் கணினிப் பேராசிரியரின் வாழ்வு ஒரு சான்று. 2006-இல் அவருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவையும் சிகிச்சையும் செய்த பின்னும் 2007 ஆகஸ்டில் நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்றும், நலமாக இயங்கக்கூடிய காலம் 3 முதல் 6 மாதங்கள் என்றும் மருத்துவர்கள் அவரிடமே தெரிவித்தார்கள். அவர் தம் மனைவியின் உறவினர்கள் வாழும் பகுதிக்குக் குடும்பத்தை இடம் மாற்றினார். தாம் இல்லாத காலத்தில் மூன்று சிறு குழந்தைகளுக்குத் தந்தையின் குரல் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, 2007 செப்டம்பர் 18 அன்று தம் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். 2008 ஜூலை 25-இல் மறைந்தார். அவருக்கும் உண்மை இனிக்கவில்லை. ஆனால் எஞ்சிய காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை அது அவருக்குத் தந்தது.

இருவகை மௌனம்

விழிஞ்ஞத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சிறு குடைவரைக் கோயில் உண்டு. ஒற்றைப் பாறையில் குடைந்த அதன் உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிற்பம் இருக்கிறது. வெளிப்புறப் பாறையில் சிவபெருமான், பார்வதி உருவங்கள் செதுக்கத் தொடங்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நிற்கின்றன. செதுக்கியவர் எக்காரணத்தால் உளியை வைத்தாரோ அறியோம். முற்றுப்பெறாதபோதும் அது வழிபடத்தக்கதாகவே இருக்கிறது.

தட்சிணாமூர்த்தி மௌனத்தால் உபதேசிப்பவர். அவருடைய மௌனம் எதையும் மறைப்பதில்லை. சீடர்களின் ஐயம் அங்கே தீர்கிறது. மருத்துவமனை அறையிலும் இருவகை மௌனம் உண்டு. உண்மையை மூடும் மௌனம் ஒன்று. அது நோயாளியைத் தனியே விடுகிறது. உண்மையைச் சொல்லி முடித்த பின், வேறு சொல் எதுவும் இல்லாதபோது, கையைப் பற்றிக்கொண்டு அருகில் அமர்ந்திருக்கும் மௌனம் மற்றொன்று. முதலாவதைக் கைவிடும் துணிவு உள்ளவருக்கே இரண்டாவது வாய்க்கும்.

குணப்படுத்தும் ஆற்றல் சில மருத்துவர்களுக்கு, சில நோய்களில், சில காலம் வாய்க்கிறது. உண்மையைப் பொறுமையோடு பகிர்ந்து, பிறகும் அகலாமல் இருக்கும் ஆற்றலோ எல்லோருக்கும் உரியது. மருத்துவத்தின் நான்கு கூறுகளில் மருந்து தோற்றுவிடலாம். மருத்துவரின் திறமையும் ஓரிடத்தில் நின்றுவிடலாம். நோயாளியும் அருகிருந்து பேணுபவரும் அதன் பின்னும் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடையே பொய் இல்லாதவரை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க நாள் ஒன்றுகூட இல்லை.